அம்மாமாரின் அணி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, இல்ஃபோர்டிலிருந்து மைதானம் வரைக்கும் எங்கள் காரில் யாரும் வாய் திறக்கவில்லை. ஓட்டியவர் என் கணவர் சிவநேசன். மெரூன் நிற ஜேர்சி போட்டிருந்தார். பக்கத்தில் நான், பச்சை. பின்சீற்றில் எங்கள் மகன் ஆரூரன், அவனும் பச்சை. காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

டிக்கிக்குள் இரண்டு பெட்டி மட்டன் ரோல்ஸ் இருந்தன. இரண்டும் ஒரே சட்டியில் என் கையால் பொரித்தவை. ஒன்று என் அணிக்கு, மற்றது அவருடைய அணிக்கு. "எங்கடை பெட்டிக்கு மட்டும் உறைப்பைக் கூட்டிப் போடேல்லைத்தானே?" என்று விடிய எழும்பியதும் கேட்டார். அன்றைக்கு எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

மைதானத்தில் காரை நிறுத்தியதும் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கக் கோட்டுக்குப் போனார். நான் என் பெட்டியோடு இந்தப் பக்கம் வந்தேன். ஆரூரன் நடுவில் ஒரு கணம் நின்றுவிட்டு என் பின்னால் நடந்தான். இவர் திரும்பிப் பார்த்ததை நான் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன்.

கலியாணம் கட்டி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அதற்குள் நாங்கள் முட்டிக்கொள்ளாத விஷயம் கிடையாது. யாருடைய தம்பியை முதலில் ஸ்பொன்சர் செய்து லண்டனுக்கு எடுப்பது என்பதில் தொடங்கி, குளிருக்குள் ஜன்னலைத் திறப்பதா வேண்டாமா என்பது வரைக்கும் முட்டியிருக்கிறோம். ஆனால் நடுவில் ஒரு மைதானத்தையே விட்டுவிட்டு எதிரெதிராக நின்றது அந்தக் கோடையில்தான்.

எந்தப் பள்ளிக்கூடம்?

லண்டனில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால், பெயருக்குப் பிறகு ஊரைக் கேட்பார்கள், ஊருக்குப் பிறகு பள்ளிக்கூடத்தைக் கேட்பார்கள். பிறந்தநாள் வீட்டிலும் கேட்பார்கள், செத்தவீட்டிலும் கேட்பார்கள். என் கணவர் படித்த கல்லூரியின் பெயரைச் சொன்னால் கதிரை இழுத்துப் போட்டு இருத்துவார்கள். என்னுடையதைச் சொன்னால், "அது எந்தப் பக்கம்?" என்பார்கள்.

இரண்டின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த கிழமை இந்தப் பத்திரிகையின் ஆசிரியர்தான் பாடுபடுவார். இவருடையது பெரிய கல்லூரி, என்னுடையது சின்னக் கல்லூரி, அவ்வளவு போதும். பெரிய கல்லூரி ஆண்களுக்கு மட்டுமானது. சின்னக் கல்லூரி ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த கலவன் பாடசாலை.

இந்தக் கல்லூரிகளின் லண்டன் பழைய மாணவர் சங்கங்கள் ஆறு சேர்ந்து ஓர் உதைபந்தாட்ட லீக் நடத்துகின்றன. கோடைகால ஞாயிறுகளில், கவுன்சில் மைதானங்களில். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஆங்கிலேயருக்கு அப்படியொன்று நடப்பதே தெரியாது. எங்களுக்கோ அதற்கு மேல் ஒரு போட்டி உலகத்தில் இல்லை. பழைய மாணவர்களுக்கு வயது போகப்போக, அவர்களுடைய பிள்ளைகள் இறங்கி விளையாடத் தொடங்கினார்கள். அந்தக் கல்லூரி வாசலை ஒரு தரமும் மிதித்திராத பிள்ளைகள் அதன் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள்.

எங்கள் சின்னக் கல்லூரி அணி ஒவ்வொரு வருஷமும் ஒழுங்கு தவறாமல் கடைசியாக வரும். அணித்தலைவர் குகன், எனக்கு இரண்டு வகுப்புக் குறைவு, பாதாள ரயில் ஓட்டுகிறவர். நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு ஒரு மாசி மாதக் காலையில் முழங்காலுக்குப் பூசும் மருந்து வாங்க வந்தார். வாங்கிவிட்டும் போகாமல் நின்றார்.

என்னவென்று கேட்டேன்.

"அக்கா, சம்மருக்கு முதல் பதினைஞ்சு பேரைப் பதியவேணுமாம். இல்லாட்டி லீக்கிலை எங்களுக்கு இடமில்லை. வேறை ஒரு பள்ளிக்கூடத்தோடை சேந்து விளையாடச் சொல்லுகினம்."

"இப்ப எங்களிட்டை எத்தினை பேர்?"

"முழங்கால் நல்லா இருக்கிறவையெண்டால் ஆறு பேர்."

சிரிப்பு வந்தது. ஆனால் குகனின் கண் கலங்கியிருந்தது. எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் பலர் கனடாவுக்கும் சுவிசுக்கும் போய்விட்டார்கள். இங்கே இருக்கும் சொற்ப ஆண்களுக்கும் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். சேர்ந்து விளையாடுவது என்றால் மற்றவர்களின் பெயரில் விளையாடுவது. அதோடு லண்டனில் எங்கள் பெயர் முடிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. இதை நினைத்தால் இப்போதும் வேடிக்கையாக இருக்கிறது. ஏனென்றால் படிக்கிற காலத்தில் எங்கள் கல்லூரி அணி விளையாடியதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. போட்டி நாட்களில் பெண்பிள்ளைகளை மைதானப் பக்கம் விடமாட்டார்கள். வகுப்புக்குள் இருத்தி ஏதாவது எழுதத் தருவார்கள். வெளியே எழும்பும் சத்தத்தை வைத்து, கோல் நாங்கள் அடித்ததா எங்களுக்கு விழுந்ததா என்று ஊகிப்போம். பார்க்கவே விடாத அணி இருந்தால் என்ன, போனால் என்ன என்று நான் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

எழுதியவர் வீட்டிலேயே இருந்தார்

லீக்கின் விதிகளை எழுதியவர் என் கணவர். பல வருஷங்களுக்கு முன் அவர் செயலாளராக இருந்தபோது, எங்கள் குசினி மேசையில் இருந்துதான் எழுதினார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, பிட்டுக்குச் சம்பல் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"பிள்ளையள் விளையாடுறதுக்கு விதி என்ன?"

அவருக்கு விதிகளைப் பற்றிக் கேட்டால் உற்சாகம் வந்துவிடும். விளையாடுகிறவரின் தாயோ தகப்பனோ அந்தக் கல்லூரியின் பழைய மாணவராக இருக்கவேண்டும் என்றார். "தாய்" என்ற சொல்லைத் தானேதான் சேர்த்ததாகவும், பெண்களுக்கும் மதிப்புக் கொடுக்கவேண்டும் என்று கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் கை தட்டியதாகவும் சொன்னார்.

கை தட்டிய ஒருவரும் அதை ஒரு நாளும் பாவிக்கவில்லை. லீக்கில் இருந்தவை எல்லாம் ஆண்கள் கல்லூரிகள், எங்களுடையதைத் தவிர. பெண்கள் கல்லூரிகளுக்கு உதைபந்தாட்ட அணியே இல்லை. ஆகவே அந்தச் சொல் அழகுக்கு அப்படியே கிடந்தது.

"அப்ப தாய் சின்னக் கல்லூரியெண்டால், மகன் சின்னக் கல்லூரிக்கு விளையாடலாம்?"

"ஓம், தாராளமா," என்றார் தலை நிமிராமல். பிறகு பிட்டெடுத்த கை பாதியில் நின்றது. "நீர் ஏன் இப்ப இதைக் கேக்கிறீர்?"

நான் சம்பலைக் கொஞ்சம் கூட வைத்தேன்.

அடுத்த நாளே சவுத்தாலில் இருக்கும் தயாளினிக்குப் போன் எடுத்தேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள், வாயால் ஊரையே விலைக்கு வாங்கக்கூடியவள். அவளுக்கு இரண்டு மகன்கள். கணவர் வேறொரு ஆண்கள் கல்லூரி. விஷயத்தை நான் சொல்லி முடிப்பதற்குள், "மற்றவளவைக்கு நான் சொல்லுறன், நீ போனை வை," என்றாள்.

ஒரு கிழமைக்குள் அவள் எங்கள் வகுப்பையே திரட்டிவிட்டாள். ஹரோவில் ஒருத்தி, குரோய்டனில் இரண்டு பேர், ஈஸ்ட்ஹாமில் ஒருத்தி. எல்லோருக்கும் வளர்ந்த ஆண்பிள்ளைகள். எல்லோருடைய கணவர்மாரும் வேறு கல்லூரிகள். அந்த வீடுகளில் நடந்த சண்டைகளை எழுத இந்தத் தொடர் காணாது. ஒருவர் காரைத் தரமாட்டேன் என்றாராம், தாயும் மகனும் ரயிலில் வந்தார்கள். இன்னொருவர், "பிள்ளைக்கு என்ரை பெயர், காலுக்கு உன்ரை பள்ளிக்கூடமோ?" என்று கேட்டாராம். அவள், "ஓம்," என்று மட்டும் சொன்னாளாம்.

எங்கள் வீட்டில் சத்தமில்லாமல்தான் நடந்தது. ஆரூரன் இரண்டு கோடையாகப் பெரிய கல்லூரி அணியில் இருந்தான். இருந்தான் என்றால் உண்மையிலேயே இருந்தான், பெஞ்சில். அணி மனேஜர் என் கணவர். சொந்த மகனை இறக்கினால் நாலு பேர் கதைப்பார்கள் என்று கடைசி ஐந்து நிமிஷத்துக்குக்கூட அவனை இறக்கமாட்டார். நேர்மையான மனிதர். அந்த நேர்மைக்குப் பிள்ளை பெஞ்சில் காய்ந்தான்.

நான் கேட்டபோது ஆரூரன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அம்மா, உங்கடை டீமிலை பெஞ்ச் இருக்கா?"

"பெஞ்சிலை இருக்க ஆளில்லைத் தம்பி."

அன்றைக்கே மெரூன் ஜேர்சியைக் கழற்றி உடுப்புக் கூடைக்குள் போட்டான். அதை இவர் எடுத்துத் தோய்த்து, அயர்ன் பண்ணி, மடித்து, அணியின் பைக்குள் வைத்தார். அவர் தன் வேலைக்குப் போடும் சேர்ட்டைக்கூட அப்படி அயர்ன் பண்ணி நான் கண்டதில்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லைதான். ஆனால் பிள்ளை விளையாடவேண்டும்.

குரோய்டன் வெற்றி

முதல் போட்டியில் எங்களை உரித்துத் தோரணம் கட்டினார்கள். எத்தனை கோல் என்று எழுதமாட்டேன். எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் அன்றைக்குத்தான் சரியாகக் கண்டார்கள். குகன் தமிழில் கத்துவார், அவர்கள் ஆங்கிலத்தில் யோசிப்பார்கள். "இறங்கி நில்லடா!" என்று அவர் கத்த, தயாளினியின் மூத்தவன் கெவின் எங்கே இறங்குவது என்று நிலத்தைப் பார்த்தான்.

குகன் அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் வேலை முடிந்து வந்து பயிற்சி கொடுத்தார். அவர் ஆங்கிலத்தில் கொஞ்சம் இறங்கினார், பிள்ளைகள் தமிழில் கொஞ்சம் ஏறினார்கள். ஆரூரனை அதுவரை எல்லோரும் முன்னுக்குத்தான் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவனுடைய உயரத்தைப் பார்த்துவிட்டுக் குகன் பின்வரிசையின் நடுவில் போட்டார். அது பிடித்துக்கொண்டது.

தாய்மார் நாங்களும் தேறினோம். தொடக்கத்தில் பந்து எந்தப் பக்கம் போனாலும் கை தட்டினோம். ஓஃப்சைட் என்றால் என்னவென்று தயாளினிக்கு இன்றைக்கும் விளங்காது. விளங்காமலே மத்தியஸ்தரோடு சண்டை பிடிப்பாள். அவர் ஒரு தரம் அவளை மைதானத்தை விட்டு அனுப்பப் பார்த்தார். ரோல்ஸ் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

முதல் வெற்றி குரோய்டனில் வந்தது. குரோய்டன் என்றால் எங்கள் வயதுக்காரருக்கு வேறொரு ஞாபகம். வந்த புதிதில் அங்கே இருக்கும் பெரிய குடிவரவு அலுவலகத்துக்கு அகதி விண்ணப்பப் பத்திரங்களைக் கட்டிக்கொண்டு போவோம். உள்ளே போனவர் என்ன முகத்தோடு வெளியே வருகிறார் என்று வரிசையில் நிற்கிற எல்லோரும் பார்ப்போம். அந்த ஊரின் பெயரை நான் சந்தோஷமாகச் சொன்னதே கிடையாது.

அதே ஊரில் அன்றைக்குச் சேறு பூசிய எங்கள் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். திரும்பும்போது ட்ராமில் அவர்கள் போட்ட கூத்துக்கு, பயணிகள் சிலர் எழும்பி அடுத்த பெட்டிக்குப் போனார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. நானும் சேர்ந்து கத்தினேன்.

அதற்குப் பிறகு நாங்கள் தோற்கவில்லை. ஒன்றிரண்டு சமநிலை, மற்றதெல்லாம் வெற்றி. பட்டியலில் ஏறிக்கொண்டே போனோம். ஏறத் தொடங்கியதும் பெரிய கல்லூரிக்காரர் ஆட்சேபம் கொண்டுவந்தார்கள். தாய்வழியாக இப்படி ஒரு முழு அணியையே சேர்ப்பது விதியின் நோக்கம் இல்லையாம். விதியை எழுதியவரே எழும்பி விளக்கட்டும் என்று கூட்டத்தில் இவரைக் கேட்டிருக்கிறார்கள். இவர் எழும்பி, "தாயோ தகப்பனோ எண்டுதான் எழுதினனான். எழுதேக்கை என்ரை மனம் தெளிவாத்தான் இருந்தது," என்று சொல்லிவிட்டு இருந்தாராம்.

தயாளினி மூலம்தான் இது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நான் கோபிக்கவில்லை. அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதை அவரிடம் சொன்னால் மூன்றாவது நாளும் பேசமாட்டார் என்று சொல்லவில்லை.

கடைசி ஞாயிறு

இப்போது அந்தக் காருக்கும் அந்த மைதானத்துக்கும் வருகிறேன். லீக்கின் கடைசிப் போட்டி. பெரிய கல்லூரி முதலிடம், நாங்கள் ஒரு புள்ளி பின்னால். சமநிலை வந்தால்கூடக் கோப்பை அவர்களுக்கு. நாங்கள் வென்றே ஆகவேண்டும்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. புல்லில் வழுக்கல். எங்கள் பக்கத்தில் தாய்மார் எல்லோரும் வந்திருந்தோம். எதிர்ப்பக்கம் மெரூன் நிறத்தில் ஒரு மதில்போல ஆண்கள். அவர்களில் மூன்று பேர் எங்கள் அணிப் பிள்ளைகளின் தகப்பன்மார். யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் பொக்கற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார்கள்.

முதல் பாதி கோல் இல்லை. இரண்டாம் பாதியின் நடுவில் ஒரு கோர்னர் கிடைத்தது. குகன் அடித்த பந்தை, எல்லோருக்கும் மேலாக எழும்பிக் கெவின் தலையால் தட்டினான். வலை அசைந்ததை நான் பார்த்தேன். இந்த முறை எந்த வகுப்புச் சுவரும் எனக்கு மறைக்கவில்லை, ஊகிக்கவும் வேண்டியிருக்கவில்லை. தயாளினி என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கண்ணாடி சேற்றுக்குள் போய்விட்டது.

பிறகு அவர்கள் எங்களை நெருக்கினார்கள். பந்து எங்கள் பக்கத்தை விட்டுப் போகவேயில்லை. பத்துப் பதினைந்து நிமிஷமாக ஆரூரன் தலையால் தள்ளினான், காலால் தள்ளினான், ஒரு தரம் முகத்தாலும் தள்ளினான். அவன் இப்படி விளையாடுவான் என்று எனக்கே தெரியாது. இவருக்கும் தெரிந்திருக்காது. தன் அணியைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியஸ்தர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரம். உயரே வந்த ஒரு பந்து ஆரூரனின் காலடியில் விழுந்தது. எங்கள் கோலைப் பார்த்தபடி நின்று, நிதானமாக அதை அடக்கினான். சுற்றிவர யாருமில்லை என்று நினைத்திருப்பான். ஆனால் அவர்களுடைய மிக வேகமான பையன் அவனுக்குப் பின்னால் பாய்ந்து வந்துகொண்டிருந்தான். பந்தைப் பறித்தால் கோல்காப்பாளரைத் தவிர வேறு யாரும் தடுக்க இல்லை. எனக்குத் தெரிந்தது, நான் கத்த வாயெடுப்பதற்குள் ஒரு குரல் முந்தியது.

"ஆரூ! பின்னாலை ஆள்!"

அது மெரூன் பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா?

ஆரூரன் தகப்பன் சொன்னதைத் திரும்பிப் பார்த்துச் சரிபிழை பார்க்கவில்லை. பந்தைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே அடியாக வெளியே அடித்தான். பாய்ந்து வந்த பையன் வழுக்கிக்கொண்டு வெறும் புல்லில் போனான். சற்று நேரத்தில் கடைசி விசில் ஊதியது.

நாங்கள் தாய்மார் மைதானத்துக்குள் ஓடினோம். சேலை கட்டி வந்த ஒருத்தி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். குகன் முழங்காலில் விழுந்து கிடந்தார், இந்த முறை வலியால் இல்லை. லண்டனில் எங்கள் கல்லூரியின் பெயர் அழியவில்லை. அழியாதது மட்டுமில்லை, கோப்பைக்கு மேலே ஏறியிருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எதிர்ப்பக்கம் பெரிய கல்லூரிச் சங்கத் தலைவர் இவரிடம் போய்க் கையை விரித்துக் கேட்பது தெரிந்தது. எதிரணிக்கு மனேஜரே சத்தம் போட்டுக் கொடுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? என்ன பதில் சொன்னீர்கள் என்று பிறகு இவரிடமே கேட்டேன். வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது என்றாராம். அதற்கு மேல் அவர்களாலும் ஒன்றும் கேட்க முடியவில்லை.

பரிசளிப்பில் எங்கள் லீக்குக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையையும், எந்தப் பழைய மாணவர் வழியாக வந்தவரோ அவரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் தகப்பன்மாரின் பெயர்கள் ஒலிக்கும், அவர்கள் மேல்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பார்கள். ஒலிவாங்கியைப் பிடிப்பவர் நடராசா அண்ணை. லீக் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான்.

அன்றைக்கு அவர் தாளைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். பிறகு வாசித்தார்.

"தயாளினியின் மகன் கெவின்."

மைதானம் முழுக்கக் கேட்டது. தயாளினி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தரம். அடுத்தது ரஞ்சினியின் மகன். அதற்கு அடுத்தது பவானியின் மகன். ஒவ்வொரு பெயருக்கும் எங்களில் ஒருத்தி அழுதாள். இந்த நாட்டில் நாங்கள் எல்லோரும் திருமதி இன்னார். கவுன்சில் கடிதத்திலும், ஆஸ்பத்திரியிலும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் கணவர்மாரின் பெயர்தான் எங்கள் பெயர். அதற்கு முன்னால் தகப்பன்மாரின் பெயர்.

ஆரூரன் கடைசி. நடராசா அண்ணை எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் சாப்பிட்டவர். தாளைப் பார்க்காமலே, பழக்கத்தில் வாசித்துவிட்டார்.

"சிவநேசனின் மகன் ஆரூரன்."

ஆரூரன் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றான். என்னைப் பார்த்தான். பரவாயில்லை, போ என்று நான் தலையாட்டினேன்.

மெரூன் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. தோற்ற அணியின் நடுவில், தன் சங்கத் தலைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்க இவர் சொன்னார்.

"இல்லை அண்ணை. இண்டைக்கு அவன் சுகந்தியின்ரை மகன். திருப்பி வாசியுங்கோ."

நடராசா அண்ணை திருப்பி வாசித்தார்.